லூர்துவின் அண்ணன் மடி

லூர்து என்ற பெயர் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. கிறிஸ்தவர்கள் இருக்கும் தெருவுக்கு ஒரு லூர்தாவது இருப்பாள். ஆனால் வல்லக்கோட்டைக் கண்ணப்பன் குவைத்திலிருந்து கூட்டிவந்த லூர்துவைப் பார்க்க ஊரே திரண்டு வந்தது. அவள் பிலிப்பைன்ஸ்காரி. குவைத்தில் அவள் நர்ஸ், அவன் கிரேன் ஓட்டுபவன். தொண்ணூறில் அங்கே சண்டை மூண்டதும் போட்டது போட்டபடி கைக்குழந்தையோடு ஓடிவந்தார்கள்.

வந்த சில மாதங்களில் அவள் பேசிய தமிழைக் கேட்டால் முகத்தைப் பார்த்து யாரும் நம்ப மாட்டார்கள். "இன்னாக்கா, லைன் கீதா?" என்று கேட்டுக்கொண்டேதான் என் கடைக்குள் நுழைவாள். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். அவள் வேலை பார்த்த டாக்டர் கிளினிக் இரண்டு கடை தள்ளி. ரத்னாக்கா கடைக்குப் போனால் போனும் கிடைக்கும், திட்டும் கிடைக்கும் என்பது ஊர்ப்பேச்சு. அவள் இரண்டுக்கும் சிரிப்பாள்.

வெளிநாட்டுக்கு லைன் கிடைப்பது அன்றைக்குச் சுலபமில்லை. காத்திருக்கும் நேரமெல்லாம் அவள் தன் மாகாணத்தைப் பற்றிப் பேசுவாள். பம்பங்கா என்று பெயர். தட்டையான வயல், நெல்லும் கரும்பும், ஒரு சீனி ஆலை, அமெரிக்காக்காரனின் விமானத் தளம். வயல் நடுவே அராயத் என்று ஒற்றை மலை, மேற்கே மலைத்தொடர். முதலில் ஸ்பெயின்காரன் ஆண்டானாம், பிறகு அமெரிக்காக்காரன், நடுவில் கொஞ்ச காலம் ஜப்பான்காரன். யார் எப்போது வந்தான், எந்தப் பாலத்தை உடைத்தான் என்று ஒப்பிப்பாள். நம்மூரில் ஏரிக்கரை எந்த வருஷம் உடைந்தது என்று கேட்டாலே ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அதற்கெல்லாம் காரணம் அவள் அப்பா. அவர் அங்கே தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. பழைய ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டித் தன் குடும்பத்து ஆட்களை ஒவ்வொருவராகத் தேடி எடுத்தவர். கல்லறைத் திருநாள் அன்று பிள்ளைகளைக் கல்லறைகளுக்கு முன்னால் நிறுத்தி, மூத்தவரில் தொடங்கி எல்லாப் பெயரையும் சொல்ல வைப்பாராம். அம்ப்ரோசியோ, தியோடோரா, மகாரியோ, பெலிசா, கடைசியில் தாத்தா இசித்ரோ. இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் லூர்து குழந்தை இசைவாணியைத் தூங்க வைப்பாள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

"உங்கப்பா பேரைச் சேக்கலியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாயைக் கழுவுக்கா. அதுல செத்தவங்க பேரு மட்டுந்தான் வரும்" என்றாள்.

மறு வருஷம் ஆனி மாதத்தில் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் இசைவாணிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று கண்ணப்பன் சொன்னதும் லூர்துவுக்கு அப்படியொரு சந்தோஷம். அண்ணன் நார்சிசோவுக்கு விசா, டிக்கெட் எல்லாம் தயாரானது. சென்னை வந்து இறங்கினால் கூப்பிட என் பூத் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

ஜூன் நடுவில் அந்த மேற்கு மலைத்தொடரில் பினதுபோ என்ற மலை வெடித்தது. பல நூறு வருஷமாகச் சும்மா கிடந்த மலை. பேப்பரில் படம் வந்தது. பட்டப்பகலில் இருட்டு, வீடுகள் மேல் சேறாகச் சாம்பல். லூர்து படத்தில் தன் ஊரைத் தேடினாள். சாம்பலில் எந்த ஊர் என்று எப்படித் தெரியும்? அன்று முதல் வேலை முடிந்ததும் நேரே என் கடைக்கு வந்துவிடுவாள். நான் நம்பரை அழுத்துவேன். ஒரு சத்தமும் வராது. லைனைத் திட்டுவேன், எக்ஸ்சேஞ்சைத் திட்டுவேன். அவள் மட்டும் "இன்னொரு தபா போடுக்கா" என்பாள்.

காதுகுத்து நெருங்கியது. கண்ணப்பனின் பெரியப்பா எல்லப்பன் ஆளனுப்பி, லூர்துவுக்கு எடுத்துச் சொல்ல என்னையும் வீட்டுக்கு வரச் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருப்பார்.

"ஊரே மண்ணுக்குள்ள பூட்சின்றாங்க. தகவலும் இல்ல. சம்பந்தி வூட்டுல சாவுன்னு வெச்சிக்கினு தலை முழுகிடுங்க. தீட்டுல காது குத்தக் கூடாது. தள்ளி வைக்கலாம்" என்றார்.

"செத்தாங்கன்னு யாரு மாமா சொன்னாங்க?" என்று லூர்து கேட்டாள். குரல் உயரவில்லை.

எல்லப்பன் கொஞ்சம் இறங்கி வந்தார். "செரி, தள்ள வேணாம். நம்ம தணிகாசலம் உனக்கு அண்ணன் மாதிரி. அவன் மடியில வெச்சிக் குத்திக்கலாம்."

தணிகாசலம் கண்ணப்பனின் சிநேகிதன். பாவம், அவன் ஏற்கெனவே பட்டு வேட்டி எடுத்து வைத்திருந்தான்.

"வேணாம்" என்றாள் லூர்து. "இன்னொருத்தரை உக்கார வெச்சா எங்கண்ணன் இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆவும். எங்கண்ணன் கீறான். சொன்ன நாள்ல பலகை போடுங்க. அவன் வரலன்னா காது குத்த வேணாம், வந்தவங்களுக்குச் சோறு போட்டு அனுப்பிடலாம்."

கண்ணப்பன் தலையைக் குனிந்துகொண்டே, "அவ சொல்ற மாதிரியே செய்யலாம் பெரியப்பா" என்றான். எனக்கு அவன்மேல் முதல் முறையாக மரியாதை வந்தது.

காதுகுத்து நாள் காலையில் லூர்து கடைக்கு ஓடிவந்தாள். "அக்கா, நீ கோயிலுக்கு வராதே. போன்கிட்ட உக்காரு." புதுப் புடவை கட்டிக்கொண்டு கடையில் ஈ ஓட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவளையும் அவள் நாட்டையும் அந்த மலையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

பேசியவர் போலீஸ்காரர். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து ரோடு முழுக்கச் சோதனைதான். "ஒரு வெளிநாட்டு ஆளு பஸ்ல வந்தான்மா. பேசறது ஒண்ணும் புரியல. கையில உங்க நம்பர் கீது. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?"

கடையை இழுத்து மூடிவிட்டு ஆட்டோவில் பறந்தேன். சோதனைச் சாவடி பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். சின்னக் கண், லூர்துவின் தாடை. ஆனால் நான் அவனை முன்பின் பார்த்ததில்லையே. "உங்க ஆளுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் போலீஸ்காரர். நியாயமான கேள்வி. எனக்கு இங்கிலீஷும் வராது, அவன் பாஷையும் வராது.

அவனுக்கு முன்னால் போய் நின்று, "அம்ப்ரோசியோ" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் காத்திருந்தேன். "தியோடோரா" என்றான் மெதுவாக. "மகாரியோ" என்றேன். "பெலிசா" என்பதற்குள் அவனுக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கும்தான். போலீஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போதும்மா, கூட்டிக்கினு போங்க" என்றார்.

கோயிலில் பலகை காலியாகக் கிடந்தது. காது குத்த வந்த பத்தர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் லூர்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். அவளுக்குக் கேட்கப் பயம். அண்ணன் வந்துவிட்டான், ஆனால் தனியாக நிற்கும் அவனைப் பார்த்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

கையை எடுத்துவிட்டு அவள் தானே பெயர்களைத் தொடங்கினாள். அவனும் கூடவே சொன்னான். அம்ப்ரோசியோ, தியோடோரா, மகாரியோ, பெலிசா, இசித்ரோ.

இசித்ரோவோடு அவன் நிறுத்திக்கொண்டான். அவள் அவன் வாயையே பார்த்தபடி நின்றாள். மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். அவன் தலையை ஆட்டி, அவர்கள் பாஷையில் ஒற்றை வார்த்தை சொன்னான். அவ்வளவுதான், சேர்க்க வேறு பெயர் இல்லை என்று அர்த்தமாம்.

லூர்து அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எத்தனையோ நாளாக அழாத அழுகை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பலகையில் அண்ணனை உட்கார வைத்து, இசைவாணியை அவன் மடியில் வைத்தாள். சாம்பலில் வீடு போய்விட்டது. மாமன் சீர் கொண்டுவர அவனிடம் ஒன்றும் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

தன் தோள் துண்டை எடுத்து நார்சிசோவின் தலையில் தலைப்பாகையாகக் கட்டினார் எல்லப்பன். லூர்து அவர் பக்கம் திரும்பினாள்.

"யாரும் தலை முழுக வேணாம் மாமா" என்றாள்.