சித்தப்பா கட்டிய வேப்பங்குழை

கேரள எல்லையோரம் எங்கள் குளத்தூர்ப் பக்கம் யாருக்காவது தட்டம்மை என்று கேள்விப்பட்டால், எனக்கு உடனே எங்கள் வீட்டு கேட்டில் சித்தப்பா கட்டிய வேப்பங்குழைதான் நினைவுக்கு வரும்.

அப்பா மஸ்கட்டில் இருந்ததால் வீட்டில் சித்தப்பா வைத்ததுதான் சட்டம். மத்தியானம் அரிசிக்கடையிலிருந்து வந்ததும், வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அம்மாவுக்கும் சித்திக்கும் உரக்க வாசித்துக் காட்டுவார். தடுப்பூசியைப் பற்றி அதில் ஒரு நல்ல வார்த்தை இருந்ததில்லை. சுற்றுவட்டாரத்தில் தட்டம்மை பரவி, பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்த அன்று, எனக்கு வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். வயிற்றுவலிக்காரிக்கு எண்ணெயில் பொரித்த பழம்பொரி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதனால் நான் முழுக்க அவர் கட்சி.

விடுபட்ட பிள்ளைகளைத் தேடி ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா வீடு வீடாக வருகிறாள் என்று தெரிந்ததும், சித்தப்பா வேப்பமரத்தில் இலைக்கொத்தோடு குழை ஒடித்துவந்து கேட்டில் கட்டினார். எங்கள் ஊரில் வேப்பங்குழையைக் கண்டால் அந்த வீட்டில் அம்மை என்று பொருள். அம்மன் இருக்கிற வீட்டில் வெளியாட்கள் நுழையமாட்டார்கள்.

"இனி எவளும் உள்ள வரமாட்டா, பாத்துக்கிடுங்க," என்று அம்மாவிடம் சொன்னார்.

எவளும் வரவில்லைதான். பால்காரரும் வரவில்லை. கடுகு தாளித்தால் மணம் தெருவுக்குப் போய் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் குழம்பில் தாளிப்பும் நின்றது. பக்கத்து வீட்டு மாமி மதில்மேல் இளநீரை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நோயாளி நான் என்பதால் இளநீர் எனக்கு.

மறுநாள் ஆஸ்பத்திரி ஜீப் வந்து நின்றது. ஒரு வீட்டில் அம்மை என்றால் ஊரார்தான் ஒதுங்குவார்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் தேடிக்கொண்டு வருவார்கள் என்பதைச் சித்தப்பா யோசிக்கவில்லை. டாக்டரம்மாவையும் நர்சையும் கூட்டிக்கொண்டு ஆஷா அக்கா முன்னால் வந்தாள்.

"அண்ணா, குழை கெட்டியிருக்கத கண்டேன். அம்மை உண்டுன்னா உடனே அறிவிக்கணும், சட்டமாக்கும். பிள்ளை எங்க கிடக்கு?"

பிள்ளை அப்போது மாமரக் கிளையில் உட்கார்ந்து மாங்காயை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தது.

டாக்டரம்மா அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். சித்தப்பாவை நன்றாகத் திட்டுவார் என்று ஆவலோடு இறங்கி வந்தேன். அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மலையாளத்தில் மெதுவாக என்னவோ கேட்டார். சித்தப்பா தலையைக் குனிந்தபடி வெகுநேரம் பதில் சொன்னார். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கடைசியில், கதவோரம் நின்ற சித்திதான் வாயைத் திறந்தாள்.

"போடட்டு. ஊரெல்லாம் தீனம் பரவுது. இவளாவது நமக்கு வேணும்லா."

சித்தப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அங்க பாக்காத மக்கா. என் மொகத்தப் பாரு," என்றார். ஊசி எனக்கு எறும்புக்கடி போலத்தான் இருந்தது. அவர்தான் கண்களை இறுக மூடிக்கொண்டார். இவ்வளவு பெரிய ஆளுக்கு ஊசி என்றால் இத்தனை பயமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரம் முழுக்க அவர் கடையைச் சரியாகக் கவனிக்கவில்லை. அடிக்கடி ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகு வேப்பங்குழையை அவரே அவிழ்த்தார். சித்தி அன்று தாராளமாகவே கடுகு தாளித்தாள்.

சித்தப்பாவின் அறையில் கண்மையும் திருஷ்டிப் பொட்டும் வைத்த ஒரு கைக்குழந்தையின் படம் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பு, தடுப்பூசி போட்ட சில நாளில் இறந்துபோன அவர்களுடைய ஒரே மகன் அது. பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, ஊசி காரணமில்லை என்று டாக்டர்கள் சொல்லியும் சித்தப்பாவின் மனம் கேட்கவில்லையாம். அம்மா இதைச் சொன்னபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு மாலை போடச் சித்தி சம்மதிக்காததால் எனக்கு அதுவரை எதுவும் தோன்றவில்லை.

குழையை அவிழ்த்த அன்று சித்தப்பா அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "சின்னதுல நான் இவ்வளவு அழகா இருந்தேனா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஆமா மக்கா," என்று சொல்லி என்னைத் தூக்கிக்கொண்டார்.