வெறும் ஒயில் கான்

கிளிநொச்சி உதிரிப்பாகக் கடையொன்றில் கண்ட அந்த அக்காவை நினைக்கும்போதெல்லாம், கடை முதலாளி மீது எனக்கு மறுபடி ஆத்திரம் பொங்குகிறது. அக்கா அக்கராயனில் வயல் செய்பவர். வெயிலில் கறுத்த முகம், இடுப்பில் இழுத்துச் செருகிய சேலை. உழவு இயந்திரத்துக்கு, கடையின் பெயரிலேயே வரும் மலிவு ஒயிலைக் கேட்டார்.

"அதை ஊத்தினா எஞ்சின் இறுகிப்போம், அக்கா. பெரிய கொம்பனி ஒயிலைக் கொண்டுபோங்கோ," என்றார் முதலாளி.

"போனமுறை அதைத்தான் வாங்கினனான். கான் கொம்பனியின்ர, உள்ளுக்கு இருந்தது கழிவு ஒயில். எஞ்சின் அதாலதான் இறுகினது. உங்கட மலிவு ஒயிலை ஆர் மினக்கெட்டுக் கள்ளமாச் செய்யப்போகினம்? அதைத் தாங்கோ."

"எங்களிட்ட எல்லாம் அசல்தான்."

அக்கா மலிவு ஒயிலையே வாங்கிக்கொண்டு வெளியே போனார். வாசலில் பெரிய கொம்பனியின் வெறும் பிளாஸ்டிக் கான்கள் குவிந்து கிடந்தன. கைப்பையிலிருந்து வில்லுக்கத்தியை எடுத்து விரித்து ஒன்றைக் குறுக்கே கீறினார். அடுத்ததையும் கீறினார். முதலாளி பாய்ந்து வந்தார்.

"என்ன விசர் வேலை பாக்கிறியள்?"

"குப்பைதானே, தம்பி. எங்க கண்டாலும் நான் கீறாமல் போறேல்லை. கீறினதுக்குள்ள ஒருத்தரும் திரும்ப ஒயில் நிரப்பேலாது."

நான் வாங்கவென்று எடுத்து வைத்திருந்த பெரிய கொம்பனி ஒயிலை மேசையில் திருப்பி வைத்தேன். குப்பைக்காக ஒரு மனிதருக்கு ஏன் அவ்வளவு கோபம் வரவேண்டும்?