அம்மா சுகர்

அமலோற்பவம் அக்காவின் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு குழுதான் உண்டு. பெயர் ‘அம்மா சுகர்’. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் எல்வின் தொடங்கியது. சென்னையில் கட்டிக்கொடுத்த மகள் ஜாஸ்லினும் அதில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி என்று என்னையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். தையல் மிஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறவளுக்கு இது ஒன்றுதான் குறைச்சல்.

காலையில் அக்கா விரலில் குத்தி, சுகர் மிஷின் காட்டும் எண்ணைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். எண் சரியாக இருந்தால் இரண்டு பிள்ளைகளும் கட்டைவிரல் படம் போடுவார்கள். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. ஏறியிருந்தால் மட்டும் எல்வின் கூப்பிடுவான். “என்னம்மா தின்ன? நடந்தியா இல்லையா?” என்று கால் மணி நேரம் திட்டுவான். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள். திட்டு வாங்குகிற முகமா அது? அப்படி ஒரு சிரிப்பு.

அக்காவின் புருஷன் பூதலூர் பக்கம் ரயில்வே கேட்டில் இருந்தவர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதே போய்ச் சேர்ந்தார். சத்துணவுக்கூடத்தில் சமைத்தும், லீவு நாளில் நடவுக்குப் போயும் இரண்டு பேரையும் படிக்க வைத்தாள். படிப்பு அவர்களை நல்ல இடத்தில்தான் கொண்டுபோய் வைத்தது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்ட கை, இப்போது ஒரு பிடி அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. மத்தியானத்தில் அந்த வீட்டு ஃபேன் சத்தம் என் வீடுவரை கேட்கும்.

தை அறுப்புக்குப் பிறகு எண் ஏற ஆரம்பித்தது. தினமும் ஏறியது, எல்வினும் தினமும் பேசினான். அந்தப் படங்களைத் தஞ்சாவூர் டாக்டருக்கு அனுப்பினான். அவர் இன்சுலின் ஊசியின் அளவைக் கூட்டினார், மறுபடியும் கூட்டினார். இவ்வளவு பத்தியமாக இருக்கும் மனுஷிக்கு எப்படி ஏறுகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

பெரிய வெள்ளி வந்தது. அன்று அக்காவுக்கு ஒருசந்தி நோன்பு. மூன்று மணி வழிபாடு முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. காலையில் குழுவில் படமும் வரவில்லை. கோயிலுக்குக் கிளம்புகிற அவசரம் என்று நினைத்தேன். உளுந்து பிடுங்கிய வயலோரமாக இருவரும் நடந்து போனோம். சிலுவைப்பாதை பாதிகூடத் தாண்டவில்லை, அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. என் தோளைப் பிடித்தவள் அப்படியே தரையில் சரிந்தாள்.

ஆம்புலன்ஸில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் கண் திறந்துவிட்டாள்.

“ஒண்ணுமே சாப்பிடாம ஊசியை ஏன்க்கா போட்டீங்க?”

“ஊசி சாப்பாடு இல்லையேடி. அதுல ஒருசந்தி எப்படி முறியும்?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “தினம் ஏறிக் கிடக்குற சுகர் இன்னிக்கு மட்டும் எங்க போச்சு?” என்று கேட்டேன்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “தினம் ஒரு அச்சு வெல்லத்தைத் தின்னுட்டு, அரை மணி கழிச்சுத்தான் குத்துவேன். பெரிய வெள்ளியும் அதுவுமா வெல்லம் திங்க மனசு வரல. நல்ல நம்பரை அனுப்பவும் மனசு வரல.”

“எதுக்குக்கா இந்த வேலை?”

“கட்டைவிரல் பேசுமாடி?”

எனக்கு அழுகைதான் வந்தது.

எல்வினிடம் ஒன்று விடாமல் சொன்னேன். போனிலேயே தேம்பினான். அடுத்த வாரமே பறந்து வந்தான். அவன் இருந்த நாலு நாளும் அந்த வீட்டில் குழம்பு கொதிக்கிற வாசனை. கிளம்பும்போது அம்மாவின் மேற்கையில் ஒரு சென்சாரை ஒட்டிவிட்டான். இனி குத்த வேண்டாம், படமெடுக்க வேண்டாம். சுகர் எண் தானாகவே போன் வழியாக மஸ்கட்டுக்குப் போய்விடும். இறங்கினால் அவன் போனில் மணி அடிக்கும்.

“நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்,” என்றான். தினமும் பேசுவேன் என்றும் சொன்னான். பேசினான், கொஞ்ச நாள். கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன், வேலை அப்படி.

டாக்டர் இன்சுலினைக் குறைத்தார். எண் சரியாகிவிட்டது. குழுவில் இப்போது கட்டைவிரல்கூட வருவதில்லை. சென்சாரை மாற்றி ஒட்டுவது என் வேலை. அது உரசக் கூடாதென்று கையைத் தளர்த்தி ரவிக்கையும் தைத்தேன்.

நேற்று அதைக் கொடுக்கப் போனபோது, அக்கா தோளைத் திருப்பி அந்த சென்சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஃபிளோரா, எல்வின் இப்பவும் இதைப் பாத்துக்கிட்டிருப்பானா?”

“பாப்பான்க்கா.”

“நான் பேசுறது இதுல கேக்குமா?”

“கேக்காதுக்கா. சுகர் மட்டும்தான் போவும்.”

சரி என்று தலையாட்டினாள். நான் ரவிக்கையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அக்கா சென்சார் பக்கமாகக் குனிந்து, மெதுவாக, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டாள்.