செய்திப்படத்தில் மூன்றாவது முதுகு

வெட்கத்தால் இதை எழுதாமலே பல வருடங்களைக் கழித்துவிட்டேன். முருகனை நினைத்துக்கொண்டு இன்று எழுதுகிறேன்.

அந்த நாள் இப்போதும் கண்முன் அப்படியே நடக்கிறது: அடுத்த வாரம் எனக்குப் பிரஜாவுரிமை விசாரணை. நெடுங்காலமாக இந்த நாட்டில்தான் இருக்கிறேன் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் என்னிடம் இல்லை; நிரூபிக்காவிட்டால் கப்பலேற்றி நாடு கடத்திவிடுவார்கள். முன்பு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மந்திரி வந்தபோது பிடித்த செய்திப்படத்தை ஹட்டன் தியேட்டரில் மறுபடி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வலப்பனையிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறேன். அன்று முன்வரிசையில் நின்றவன் நான். தியேட்டருக்குப் பக்கத்துத் தேநீர்க் கடைக்கார முஸ்லிம் நானாவைச் சாட்சியாகக் கெஞ்சிக் கூட்டிவந்து உட்கார்த்தியிருக்கிறேன்.

"மொகம் தெரியட்டும், கையெழுத்துப் போடுறேன்" என்கிறார் நானா.

திரையில் மந்திரி காரிலிருந்து இறங்குகிறார். தோட்டத்து அதிகாரியான துரை சிரிக்கிறார். காமிரா எங்கள் பக்கம் திரும்புகிறது. நான் நானாவின் கையை இறுக்கிப் பிடிக்கிறேன்.

"இதுல நீங்க யாருங்க?"

திரை முழுக்கத் தலைப்பாகைகளும் முதுகுகளுமாக இருக்கின்றன. சாமியைக் கண்டதுபோல் எல்லோரும் குனிந்து கும்பிடுகிறோம். எல்லோரையும்விடப் பக்தியாகக் குனிந்திருப்பவன் நான்தான்.

"அந்தா, மூணாவது முதுகு, நானா."

"முதுகுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டா, என்னையும் சேர்த்துல்ல கப்பல் ஏத்திருவாங்க! கொஞ்சம் நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதா அண்ணே?"

அதற்குள் மந்திரியின் கார் போய்விடுகிறது. நாங்கள் இன்னும் குனிந்தபடியே இருக்கிறோம்.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் என்மேல் இரக்கப்பட்டு, நான் நிமிர்ந்து நின்றதாக மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.