ஜனவரி இருபதில் சோதிக்காத வால்வு

என் தங்கை ரூபாவுக்கு இருபத்தேழு வயது. சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் பெண்கள் விடுதியில், தண்ணீர் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனாக இருக்கிறாள். எங்கள் அப்பா ஆஞ்சப்பன் தளிப் பக்கம் ரோஜாத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். நான் எட்டாவதோடு நிறுத்திவிட்டு வண்டி ஓட்டப் போனேன். ரூபா ஓசூரில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்து, வகுப்பில் இரண்டாவதாகத் தேறினாள். இப்போது அவள் வேலை செய்யும் கம்பெனிக்கே நான் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறேன். போன மே மாதம் நடந்ததை, நான் பார்த்த வரையிலும் அவள் சொன்ன வரையிலும் எழுதுகிறேன்.

அதற்கு முன் அவள் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். விடுதிக் கட்டடங்களில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. ஒன்று குழாய்க்கு வரும் நல்ல தண்ணீர். இன்னொன்று, கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறை ஃப்ளஷுக்கு விடும் தண்ணீர். ஃப்ளஷ் தண்ணீர் போதாதபோது நல்ல தண்ணீரை அந்த லைனுக்கு விட ஓர் இணைப்புக் குழாய் உண்டு. அதன் நடுவில் ஒரு பித்தளை வால்வு இருக்கும். நல்ல தண்ணீரை அந்தப் பக்கம் விடும், ஃப்ளஷ் தண்ணீரை இந்தப் பக்கம் விடாது.

தண்ணீர் எதற்குத் திரும்பி வரப்போகிறது என்று நானும் கேட்டிருக்கிறேன். கரண்ட் போனால் நல்ல தண்ணீர் மோட்டார் நின்று அந்த லைனில் அழுத்தம் இறங்கிவிடும். ஃப்ளஷ் மோட்டார் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது ஃப்ளஷ் தண்ணீர் நல்ல லைனுக்குள் தள்ளும். இதைத்தான் பேக்ஃப்ளோ என்கிறார்கள். வால்வு கெட்டுப்போனாலும் வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அது வால்வுக்குள் இருக்கும் ரப்பரில் படிந்தால், மூடியதுபோல் இருக்கும், மூடியிருக்காது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை நிறுத்தி, வால்வில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்ப்பார்கள். ஊசி நின்றால் சரி. இறங்கினால் உள்ளே கசிகிறது. வளாகத்தில் கட்டடத்துக்கு ஒன்றாக இப்படிப் பதினொரு வால்வுகள். எல்லாம் ரூபாவின் பொறுப்பு.

மே பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்து இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. பதினான்காம் தேதி காலையில் விடுதிப் பெண்கள் முப்பத்தொரு பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். என் பஸ்ஸில்தான் மூன்று நடையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நான்கைந்து நாளில் எல்லோரும் தேறி வந்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்கே வார்டன் பிரவீனா மேடம், மெஸ்ஸில் சமைக்கும் மாரம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். முந்தின நாள் இரவு போட்ட தயிர் சாதம்தான் காரணம் என்று பேச்சு. சாப்பாட்டு மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

மாரம்மா பதினொரு வருஷமாக அங்கே சமைக்கிறவர். மதியம் பஸ்ஸில் ஏறி என் பின் சீட்டில் உட்கார்ந்தவர் யாரைப் பார்த்தும் பேசவில்லை, வெளியே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தயிர் சாதத்த நானும்தான் தின்னேன். எனக்கு என்னா ஆச்சு? கல்லாட்டம் இருக்கறேன்."

"உங்க வயிறு கல்ல தின்னாலும் ஜீரணிக்கும்க்கா" என்றேன்.

"நீ ஓட்றா வண்டிய. ரிசல்ட் வர்ற வரைக்கும் வராதன்னுட்டா அந்தம்மா. அப்புறம் மட்டும் கூப்புடுவாளா?"

ரூபா படியில் நின்றிருந்தாள். "யாரு யாருக்கு வாந்தி, எந்த ரூமுன்னு தெரியுமாக்கா?"

மாரம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். யாரை ஏற்றினாலும் டிரிப் ஷீட்டில் பெயரும் ரூம் நம்பரும் எழுதுவது என் வழக்கம். எடுத்துக் கொடுத்தேன். ரூபா விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அண்ணா, முப்பத்தொண்ணும் பி பிளாக்கு. ஏ பிளாக்குல ஒருத்தி கூட இல்ல. சாப்பாடு ரெண்டு பிளாக்குக்கும் ஒண்ணுதான?"

"ஒரே குண்டான்" என்றார் மாரம்மா.

ரூபா அப்படியே இறங்கிப் போனாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு நானும் டார்ச்சோடு பின்னால் போனேன். பி பிளாக் பின்புறம், சுவரை ஒட்டி அந்த வால்வு. இரு பக்கமும் அடைத்து கேஜை மாட்டினாள். ஊசி அரை நிமிடம்கூட நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தால் ரப்பர் முழுக்க வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. உடனே இணைப்பை முழுவதும் மூடினாள். பி பிளாக் குழாய்களை யாரும் தொட வேண்டாம் என்று பிரவீனா மேடத்துக்குப் போன் செய்தாள். லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு, தண்ணீர் மாதிரி இரண்டு பாட்டில் பிடித்து வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் பதிவேட்டைத் திறந்தாள். பி பிளாக் வரிசையில் ஜூலை இருபது: சரி. அடுத்த கட்டத்தில் ஜனவரி இருபது என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

பொங்கல் லீவு முடிந்து பெண்கள் வந்து இறங்கிய வாரம் அது. எல்லோரும் துணி துவைக்கிறார்கள், இன்றைக்குத் தண்ணீரை நிறுத்தாதே, அடுத்த வாரம் பார்த்துக்கொள் என்று பிரவீனா மேடம் சொல்லியிருக்கிறார். ரூபாவும் சரி என்றிருக்கிறாள். அடுத்த வாரம் புதுக் கட்டடத்தில் வேலை வந்தது. அப்புறம் மறந்துவிட்டாள்.

மேனேஜர் விஜயகுமார் சார் வந்து வால்வைப் பார்த்தார், பதிவேட்டையும் பார்த்தார். நல்ல மனிதர். யாரையும் மாட்டிவிட நினைக்கிறவர் இல்லை.

"மாரம்மா மேல தப்பில்லன்னு ஆயிடுச்சு. இது போதும். ரூபா, ஜனவரி கட்டத்துல 'சரி'ன்னு போட்டுரும்மா. நடுவுல வால்வு போயிடுச்சுன்னு ரிப்போர்ட் எழுதிக்கறேன். ஜூன்ல உனக்கு பர்மனென்ட் லெட்டர் வரப்போவுது, இப்போ போய் எதுக்கு?"

ரூபா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கும் சார் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. "சார் சொல்றதுல யாருக்கு நஷ்டம்? போட்டுடேன்" என்றேன்.

"நீ போவாத டிரிப்ப ஷீட்டுல எழுதுவியாண்ணா?"

அவள் சார் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்த வாரம் தள்ளிப் போட்டது இது மட்டும் இல்லீங்க. மெஸ்ஸு, கொழந்தைங்க காப்பகம், அந்த ரெண்டும் பாக்கி. இதுல சரின்னு எழுதினா அதுலயும் எழுதணும்."

"அத அப்புறம் சாவகாசமா டெஸ்ட் பண்ணிக்க."

"நாலு மாசத்துல கெட்டுப்போச்சுன்னு எழுதினா வால்வுதான் மட்டம்னு ஆயிடும். வேற வால்வு வாங்கிப் போட்டுட்டு, தேதிய மறுபடியும் தள்ளிப் போடுவோம். பத்து மாசமா யாருமே பாக்கல. அதாங்க விஷயம்."

"பிரவீனா மேடமும்தான தள்ளிப்போடச் சொன்னாங்க?"

"சொன்னாங்க. சரின்னது நானு."

அவள் எழுதியதை நான் பக்கத்தில் நின்று படித்தேன். 'ஜனவரி 20 சோதனை செய்யவில்லை. விடுதியில் கேட்டதால் தள்ளிவைத்தேன். பிறகு செய்யத் தவறிவிட்டேன்.' கீழே கையெழுத்தும் மே பதினான்கு என்ற தேதியும் போட்டாள். விஜயகுமார் சார் அதைப் படித்துவிட்டு, "சரி, மத்த ரெண்டையும் இப்பவே பாரு" என்றார்.

மெஸ் வால்வில் ஊசி நின்றது. குழந்தைகள் காப்பகத்தில் மெதுவாக இறங்கியது. அங்கே எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அதையும் அன்றைக்கே மூடிவிட்டு, மறுநாள் புது ரப்பர் போட்டாள்.

ஆறு நாள் கழித்து ரிசல்ட் வந்தது. சாப்பாட்டில் ஒன்றும் இல்லை, பி பிளாக் தண்ணீரில் கிருமி இருந்தது. பிரவீனா மேடமே போன் செய்து மாரம்மாவைக் கூப்பிட்டார். மறுநாள் மாரம்மா பஸ்ஸில் ஏறும்போது ரூபாவின் தலையில் ஒரு குட்டு வைத்தார். "உன்னாலதான் போச்சு என் பேரு. உன்னாலதான் வந்துச்சு. இத நான் எங்க போய்ச் சொல்ல?" ரூபா தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

ஜூனில் நான்கு பேருக்கு பர்மனென்ட் லெட்டர் வந்தது. ரூபாவுக்கு ஒரு மெமோவும், டிசம்பரில் பார்க்கலாம் என்ற பதிலும் வந்தன. வீட்டில் அவள் அதைப் பெரிதாகப் பேசவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். எனக்குத்தான் ஆறவில்லை. ஆனாலும் யாராவது கேட்டால் மெமோவையும் சேர்த்தேதான் சொல்கிறேன். மூன்று வரி எழுதி அதை வாங்கியவள் என் தங்கை.

ஜூலை இருபதாம் தேதி பதினொரு வால்வுகளுக்கும் சோதனை. எந்த பிளாக்கில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்று மூன்று நாள் முன்பே தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டியிருந்தாள். இருந்தும் பிரவீனா மேடம் பாதி வழியில் நிறுத்தி, "ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாமா ரூபா?" என்று கேட்டார்.

"இன்னைக்குத்தான் மேடம் தேதி" என்று சொல்லிவிட்டு மெஸ் வால்வை அடைத்தாள்.

அரை மணி தாண்டியதும் உள்ளேயிருந்து மாரம்மா கத்தினார். "அரை மணின்னு சொன்ன, முப்பத்தஞ்சு நிமிஷம் ஆவுது! என் ரசம் பாதியில நிக்குது!"

"ரெண்டே நிமிஷம்க்கா. ஊசி நிக்குதான்னு பாக்கறேன்."

"நின்னுச்சா?"

"நிக்குது."

"அப்போ தண்ணிய உடு."

ரூபா முழு இரண்டு நிமிடமும் பார்த்தாள். தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.