கழற்றி வைத்த கோல் போஸ்ட்

ஆட்டம் முடிந்ததும் கோல் போஸ்ட்டைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு போகிற ஒரு கால்பந்து கிளப்பை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். அந்த இரும்புக் குழாய்கள் கீப்பர் அண்ணா வீட்டுச் சந்தில் சுவரோரம் கிடக்கும். அண்ணி அவற்றின்மேல் துணி காயப்போடுவார்.

கிளப்பைத் தொடங்கியதே அண்ணாதான். மறைமலை நகரில் ஷிப்ட் முடித்துவிட்டுச் சாப்பிடாமல்கூட வந்துவிடுவார். மைதானம் என்ன மைதானம், அரசாங்கப் பொட்டல்; முள்ளை வெட்டி, கல் பொறுக்கி, குழி மூடி நாங்களே ஆக்கிக்கொண்டது. குரோம்பேட்டையிலிருந்தெல்லாம் ஆட வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிறவர்களுக்காகக் காத்திருப்போம். நோன்பு மாதத்தில் சீக்கிரமே முடித்துவிடுவோம். காலையில் அங்கே நடக்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் கூடாதென்றுதான் போஸ்ட்டைக் கழற்றுவது. "ஊரு எடம்டா. நாம வந்து போன சுவடே தெரியக் கூடாது" என்பார். எனக்கு அன்றே பற்றிக்கொண்டு வரும். கான்கிரீட் போட்டு நட்டுவிடலாம் என்று எவ்வளவு கெஞ்சியிருப்பேன்! கேட்டால்தானே?

போன வருஷம் ஒரு காலையில் யாரோ வந்து இடத்தை அளந்துகொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் வேலி போட்டுவிட்டார்கள். வண்டி நிறுத்துமிடம் வரப்போகிறதாம். அண்ணாவை இழுத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "நேர்ல வந்து பாத்துட்டுத்தான் எழுதினோம் சார். ஒரு கம்பு கூட இல்ல. வெறும் பொட்டல்."

மைதானம் இருக்கிற அதே தெருவில் நடைபாதையை வளைத்துக் கடை கட்டியவனுக்குக் கரண்ட் இணைப்பே கொடுத்திருக்கிறார்கள். அவனை எவனும் அசைக்கவில்லை. ஒழுங்காகக் கழற்றி எடுத்துப்போனவன் மட்டும் அங்கே இருந்ததே இல்லையாம்! நல்லவனாக இருந்ததற்கு இந்த ஊர் கொடுக்கிற கூலி இதுதானா? மேசையில் குத்திக் கத்தினேன். அண்ணா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வுடுடா, அவுரு இன்னா பண்ணுவாரு? கண்ணுல பட்டத எழுதிகீறாரு." அதிகாரியைவிட அண்ணாமேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் தீரவில்லை.

"அங்க ஃபுட்பால் ஆடினதுக்கு ஏதாவது ஒரு அடையாளம் இருந்தா காட்டுங்க சார், மேல எழுதிப் பாக்கறேன்" என்றார் அதிகாரி.

நான் அண்ணாவைத் திரும்பிப் பார்த்தேன். பந்தைத் தடுத்துத் தடுத்து உடைந்து, சரியாகக் கூடாமல், ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகக் கோணிப்போன விரல்கள் அவருக்கு. பெரிய அதிகாரி முன்னால் நிற்கிறோமே என்ற மரியாதையில், கைகட்டி, அந்த விரல்களைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றிருந்தார்.