தண்ணி இல்லம்மா, நீர்

திருவொற்றியூர் தேரடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சேதி வந்தது. "நைனா, நம்ம ஸ்கேன் கிருபா பூட்டாரு. நெஞ்சு வலியாம்" என்றான் மீன்பாடி வண்டி ஓட்டும் சேகர். கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். கிருபாகரனுக்கு அது போகிற வயதே இல்லை. எனக்கு எழுத்து தெரியாது. அவரை அறிந்த உங்களுக்காக இதைச் சொல்லி எழுதவைக்கிறேன்.

நான் துறைமுகத்தில் மூட்டை இறக்கி ஓய்ந்தவன். இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச காலத்தில் என் மனைவி கன்னியம்மாளுக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. எட்டு வைக்க வராது. பேச்சும் பாதியில் மறந்துபோகும். மூளை சுருங்கியிருந்தால் வழியில்லை, நீர் தேங்கியிருந்தால் வழியுண்டு என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அதைக் கம்ப்யூட்டரில் அளந்து சொல்பவர்தான் ராயபுரத்துக் கிருபாகரன்.

முதல் நாள் அவர், "அம்மா தலையில தண்ணி ஜாஸ்தியா கீதான்னு பாக்கணும் நைனா" என்றார். கன்னியம்மாள் கொதித்துவிட்டாள். "இன்னா பேச்சு பேசற? நான் தண்ணி போட்ற பொம்பளையா? இந்தாளு குடிச்சது என் தலைக்கா ஏறும்?" கிருபாகரன் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கும்பிட்டு, "தண்ணி இல்லம்மா, நீர்" என்றார். அதற்குப் பிறகு எந்த நோயாளியிடமும் அந்தச் சொல் அவர் வாயில் வந்ததில்லை.

முதல் ஸ்கேனில் தீர்மானமாகத் தெரியாததால், சில மாதம் கழித்து, நீர் கூடியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி ஸ்கேன். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் உண்டாம். பலருடைய தலைகளைப் பார்த்து, எந்த அறை எங்கே என்று பெயர் குறித்த வரைபடம் ஒன்று இருக்கிறது, அட்லஸ் என்பார். அதை இவள் படத்தின்மேல் போர்த்தினால் அறைகளுக்கு நிறம் விழும். நிறம் விழுந்த இடத்தைக் கூட்டினால் நீரின் அளவு. அன்று வந்த கணக்கு, அறைகள் பெரிதாகவில்லை என்றது. அப்படியானால் அவளுக்கு வழியில்லை.

கிருபாகரன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. படத்தை உற்றுப் பார்த்தார். இவளுக்கு அறைகள் கோணலாக உப்பியிருந்ததால் நிறம் ஓரம்வரை எட்டவில்லை. நீர் நின்ற விளிம்பைக் கம்ப்யூட்டர் மூளை என்று எண்ணிவிட்டது. "ஊருக்குத் தெச்ச சட்டை நைனா. அம்மாவுக்குத் தோள்ல புடிக்குது. பிரிச்சுத் தெக்கணும்." இரண்டு ஸ்கேனிலும் படம் படமாக எடுத்து, ஓரத்தைத் தன் கையால் திருத்தினார். அறைகள் பெருத்துத்தான் இருந்தன. டாக்டர் முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்தார். மறுநாள் கன்னியம்மாள் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். பிறகு தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைத்தார்கள்.

கால் திரும்பியது; நினைவு முழுக்கத் திரும்பவில்லை. அவரிடம் போய்க் கேட்டேன். "நீரு எவ்ளோன்னு சொல்லுவேன் நைனா. நெனப்பு எவ்ளோன்னு அளக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார். பொய் ஆறுதல் சொல்லத் தெரியாதவர்.

நேற்று இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "யார் வூட்டுக்குப் போறோம்?" என்று மறுபடி கேட்டாள்.

"உன் காலைத் திருப்பிக் குடுத்தவரு வூட்டுக்கு. செத்துட்டாரு."

நின்றாள். "அப்ப இன்னா ஆடி அசைஞ்சு வந்துகினுகீற? வெரசா நட" என்று என்னைத் தாண்டிப் போனாள்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம், எனக்கு முன்னால் போன அந்த நடைதான்.